கடலூர், புதுச்சேரியிலிருந்து குடும்பத்துடன் கூடாரப் பயணம்: இடங்களைத் தேர்ந்தெடுக்கும் முறை

குடும்பத்தோடு காரில் புறப்பட்டு, வழியில் கூடாரம் அடித்துத் தங்கிவர நினைப்பவர்கள் பெரும்பாலும் பார்க்க வேண்டிய அருவிகளையும் கோட்டைகளையும்தான் முதலில் பட்டியலிடுகிறார்கள். இரவு எங்கே படுப்பது என்ற கேள்வி கடைசியில்தான் வருகிறது. இந்த வரிசையைத் தலைகீழாக மாற்றிக்கொள்ள வேண்டும் என்பதே என் உறுதியான கருத்து. நம் மாநிலத்தில் கண்ணுக்குப் பிடித்த இடத்திலெல்லாம் கூடாரம் போட முடியாது. காப்புக்காட்டுக்குள் வனத்துறையின் அனுமதியின்றி நுழைவதே குற்றமாகும். செஞ்சிக் கோட்டை போன்ற தொல்லியல் துறைச் சின்னங்கள் பகலில் மட்டுமே திறந்திருக்கும். 2018 மார்ச்சில் குரங்கணிக் காட்டுத்தீ இருபதுக்கும் மேற்பட்டோரின் உயிரைக் குடித்த பிறகு மலைப்பகுதிகளில் கெடுபிடி கூடியிருக்கிறது. அது நியாயமானதும்கூட.

ஆகவே முறைப்படி இரவு தங்கக்கூடிய ஓர் இடத்தை முதலில் உறுதி செய்யுங்கள். கூடாரத்துக்கு இடம் தரும் தனியார் விடுதி, பண்ணைத் தோட்டம், வனத்துறையின் சூழல் சுற்றுலாக் குடில், உறவினரின் தோப்பு ஆகியவற்றில் எதுவாகவும் அது இருக்கலாம். தொலைபேசியில் பேசும்போது வாடகையோடு நிறுத்திவிடாமல், கூடாரம் போடும் இடத்திலிருந்து கழிவறை எத்தனை அடி தூரம், அதன் கதவுக்கு உள்தாழ்ப்பாள் இருக்கிறதா, இரவு பத்து மணிக்கு மேல் குழாயில் தண்ணீர் வருமா, வழியில் விளக்கு எரியுமா, எந்த நிறுவனத்தின் சிக்னல் கிடைக்கிறது என்று ஒவ்வொன்றாகக் கேளுங்கள். கழிவறையைப் படம் எடுத்து அனுப்பச் சொல்வதில் கூச்சமே வேண்டாம். பாட்டியும் ஐந்து வயதுப் பிள்ளையும் உடன் வரும் பயணத்தில், எந்த அருவியின் அழகையும்விட அந்தப் படம்தான் முடிவைத் தீர்மானிக்க வேண்டும்.

அடுத்தது தூரம். பிற்பகல் மூன்று மணிக்குள் தங்குமிடத்தை அடைந்துவிட வேண்டும் என்று வைத்துக்கொண்டால் மற்றவை தாமாகவே ஒழுங்குக்கு வந்துவிடும். ஆறு, ஆறரைக்கு இருட்டிவிடும் நிலையில், புதிய கூடாரத்தைப் பிரித்துக் கம்புகளைப் பொருத்தி, அடுப்பு மூட்டிச் சமைத்து முடிக்க அந்த மூன்று மணி நேரமும் தேவைப்படும்.

முதன்முறை போகிறவர்களுக்கு மலையே வேண்டாம் என்பேன். பண்ருட்டிப் பக்கம் முந்திரித் தோப்பு வைத்திருக்கும் உறவினர் இருந்தால் அங்கே ஓர் இரவு தங்கிப் பழகுங்கள். பிள்ளைகள் அழுதாலும் ஒரு மணி நேரத்தில் வீட்டுக்குத் திரும்பிவிடலாம். முந்திரிச் சருகு சட்டென்று தீப்பிடிக்கும் என்பதால் தோப்புக்குள் அடுப்பு மூட்டாமல், களத்து மேட்டிலோ வெட்டவெளியிலோ சமைப்பது நல்லது.

இரண்டாவது பயணத்துக்குக் கல்வராயன் மலை பொருத்தமானது. கடலூரிலிருந்து கள்ளக்குறிச்சி நூறு கிலோமீட்டருக்குச் சற்று மேல். அங்கிருந்து கச்சிராயபாளையம் வழியாக வெள்ளிமலைக்கு ஏறலாம். கூட்டம் குறைவு என்பது அதன் சிறப்பு, கடைகளும் குறைவு என்பது அதன் சிரமம்; அரிசி, பால், மருந்து, பெட்ரோல் அனைத்தையும் கள்ளக்குறிச்சியிலேயே முடித்துக்கொள்ளுங்கள். புதுச்சேரிக்காரர்களுக்கு ஜவ்வாது மலையின் ஜமுனாமரத்தூர் இன்னும் ஏற்றது என்று நினைக்கிறேன். திண்டிவனம், செஞ்சி, திருவண்ணாமலை, போளூர் என்று செல்லும் அந்த வழியில் காலையிலேயே செஞ்சியில் இறங்கிவிடலாம். ஆனால் கோட்டையின் ராஜகிரி உச்சிக்கு ஏற ஆசைப்பட்டால் மூன்று மணிக் கணக்கு தவறிவிடும் என்பதால் அடிவாரத்தோடு திரும்புங்கள். ஜவ்வாது மலையில் காவலூர் வானாய்வகம் அமைந்திருப்பதே இருண்ட வானத்துக்காகத்தான், நிலவில்லாத நாளாகப் பார்த்துப் போனால் கூடார வாசலில் பாய் விரித்தே விண்மீன்களைக் காணலாம். ஏற்காடு சுமார் 1500 மீட்டர் உயரத்தில் நன்றாகக் குளிரும். ஆனால் சேலம் வரை ஏறத்தாழ 200 கிலோமீட்டர் ஓட்டிய பிறகு 20 கொண்டை ஊசி வளைவுகள் காத்திருக்கின்றன. வளைவுகளில் வாந்தி எடுக்கும் பிள்ளை இருந்தால் தவிர்த்துவிடுங்கள். நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் 2024 மே முதல் இ-பாஸ் முறை நடப்பில் இருப்பதால் முன்கூட்டியே பதிவு செய்ய வேண்டும். இரண்டும் நீண்ட விடுமுறைக்கே உரியவை.

தெற்கே கடற்கரையோரம் செல்ல விரும்பினால் சிதம்பரம், தரங்கம்பாடி, நாகப்பட்டினம் வழியாகக் கோடியக்கரை போகலாம். குளிர்காலத்தில் வலசைப் பறவைகளும், ஆண்டு முழுவதும் வெளிமான்களும் அங்கே உண்டு. பிச்சாவரத்தைப் பகலில் படகில் பார்த்துவிட்டு நகர்வதே சரி. கடற்கரை மணலில் கூடாரம் போடுவதை நான் பரிந்துரைப்பதில்லை. முளைகள் மணலில் நிற்பதில்லை, நள்ளிரவில் கிளம்பும் காற்று கூடாரத்தையே பெயர்த்துவிடும்.

மாதம் எது என்பதையும் இடத்தோடு சேர்த்தே முடிவு செய்ய வேண்டும். அரையாண்டு விடுமுறை வசதியாகத் தோன்றினாலும், தானே புயல் நம் கரையைத் தாக்கியது 2011 டிசம்பர் 30 அன்றுதான். ஃபெஞ்சல் 2024 நவம்பர் 30 அன்று வந்தது. எனவே அக்டோபர் முதல் டிசம்பர் வரை கடலோரத் திட்டம் வேண்டாம். பொங்கல் விடுமுறை முதல் பிப்ரவரி பாதி வரை மிக நல்ல காலம். அதன்பின் காட்டுத்தீக் காலம் என்பதால் மலையேற்றப் பாதைகளை வனத்துறை மூடிவிடுவது வழக்கம். மே மாதத்தில் மலையில் மாலை இடிமழை வரும். அப்போது காய்ந்த ஓடையின் படுகை எவ்வளவு சமமாகத் தெரிந்தாலும் அதில் கூடாரம் கூடவே கூடாது, மேலே பெய்த மழை சில நிமிடங்களில் அங்கே வெள்ளமாக இறங்கிவிடும்.

ஒவ்வொரு இடத்துக்கும் அருகிலுள்ள அரசு மருத்துவமனை எது, அங்கே பாம்புக்கடிக்கு மருந்து இருப்பில் உள்ளதா என்று விசாரித்துக் குறித்துக்கொள்ளுங்கள். அடிவார ஊரில் ஒரு விடுதியின் எண்ணையும் மாற்று ஏற்பாடாக வைத்திருங்கள். புறப்படுவதற்கு முந்தைய மாலை வானிலை அறிவிப்பைப் பார்த்து, தங்குமிடத்துக்கு மீண்டும் ஒருமுறை பேசி, மழை என்று சொன்னால் அந்த விடுதியில் அறை எடுத்துவிடுங்கள்.