ரவுண்ட்கியூப் வெப்மெயில் ஓட்டுகிறீர்களா? முதலில் பதிப்பு எண்ணைப் பாருங்கள்

தெரியாத லிங்க்கைக் கிளிக் செய்யாதே என்று எல்லோருக்கும் சொல்லி வைத்திருப்போம். பிரவுசரில் மெயில் படிக்கும் வெப்மெயிலில் ஸ்கிரிப்ட் ஓட்டை (மெயிலுக்குள் ஒளித்த புரோகிராமை பிரவுசர் ஓட்டிவிடும் குறை) இருந்தால் கிளிக்கே தேவையில்லை, மெயிலைத் திறந்தாலே வேலை முடிந்தது. 2023 அக்டோபரில் ரவுண்ட்கியூபில் அப்படித்தான் நடந்தது: மெயிலின் அடியில் ஒரு எஸ்விஜி டேக் (படம் வரையும் குறியீடு), அதற்குள் பேஸ்64-இல், அதாவது வெறும் எழுத்துக் குவியலாக, சுருட்டிய ஒரு துண்டு, அதைப் பிரித்தால் வேண்டுமென்றே தப்பான முகவரி கொடுத்த ஒரு படம். படம் வராது, உடனே ஆன்எரர், அதாவது படம் வராவிட்டால் ஓட வைத்த ஸ்கிரிப்ட், ஓடும். மெயிலில் ஆபத்தானதை நீக்க வேண்டிய ரவுண்ட்கியூபின் வடிகட்டி இதைக் கவனிக்காமல் விட்டுவிட்டது. கண்ணுக்கு அது சாதாரண மெயில்தான்.

லாகின் குக்கீயை ஸ்கிரிப்ட் படிக்க முடியாதபடி ஹெச்டிடிபி-ஒன்லி போட்டிருக்கிறேனே என்பீர்கள். போடுங்கள், நல்லதுதான். ஆனால் ஸ்கிரிப்ட் ஓடுவது உங்கள் பக்கத்துக்குள்ளேயே, லாகின் செய்தவர் பெயரிலேயே; குக்கீயைத் திருடாமலே இன்பாக்ஸைப் படித்து வெளியே அனுப்பிவிடும்.

அதனால் முதல் வேலை அப்டேட். உள்ளே போய் 'அபவுட்' அழுத்தினால் பதிப்பு தெரியும். அந்த 2023 ஓட்டை 1.6.4, 1.5.5, 1.4.15 பதிப்புகளில் அடைபட்டது, ஆனால் அதோடு நிற்காதீர்கள். 2024 ஆகஸ்டில் இன்னொரு ஸ்கிரிப்ட் ஓட்டைக்கு 1.6.8 வந்தது, 2025 ஜூனில் லாகின் செய்தவர் சர்வரிலேயே தன் புரோகிராமை ஓட்டக்கூடிய ஓட்டைக்கு 1.6.11 வந்தது. முதல் வகையில் பாஸ்வேர்டு போனால் இரண்டாவதற்குக் கதவு திறந்த மாதிரி. டேட்டாபேஸையும் கான்ஃபிக் ஃபோல்டரையும் பேக்கப் எடுத்துக்கொண்டு, புதிய பதிப்போடு வரும் இன்ஸ்டால்-டூ ஸ்கிரிப்டைப் பழைய ஃபோல்டரின் பாதையைக் கொடுத்து ஓட்டுங்கள்.

இன்றைக்கு அப்டேட் செய்ய முடியாதா? செட்டிங்ஸில், மெயில்களைக் காட்டும் பகுதியில், ஹெச்டிஎம்எல் காட்டுவதை ஒவ்வொரு கணக்கிலும் அணைத்துவிடுங்கள். நியூஸ்லெட்டர் அசிங்கமாகத் தெரிகிறது என்று புகார் வரும், வரட்டும். முழுப் பாதுகாப்பு இல்லை, அப்டேட் செய்யும்வரை சமாளிக்கலாம்.

அப்புறம் பலர் மறப்பது: ஏற்கெனவே யாராவது நுழைந்திருந்தால் அப்டேட் அவரை வெளியேற்றாது. ஒவ்வொரு கணக்கிலும் ஃபில்டர்களைத் திறந்து, வெளி முகவரிக்கு ஃபார்வர்டு ஆகும் விதி இருக்கிறதா என்று பாருங்கள். பெரும்பாலும் அதற்கு ஒரு புள்ளியோ ஒற்றை எழுத்தோதான் பெயராக இருக்கும். டேட்டாபேஸில் செஷன் டேபிளைக் காலி செய்து (உள்ளே இருப்பவர்கள் எல்லோரும் லாகவுட் ஆவார்கள்), பாஸ்வேர்டுகளை மாற்றச் சொல்லுங்கள். வரிசை முக்கியம், ஓட்டையை அடைக்கும் முன் மாற்றினால் புதியதும் போய்விடும்.