நிறம் மட்டும் பெயர் சொல்லாது: வளர்ப்பு ஊடகத்தில் நேரும் தவறுகள்

குடல் பாக்டீரியாக்களைப் பிரித்தறியும் வளர்ப்பு ஊடகமான மெக்கான்கி அகாரில் இளஞ்சிவப்புக் காலனியை (பாக்டீரியாத் திட்டை) கண்டதும் 'ஈ. கோலை' என்று எழுதிவிடுவதுதான் முதல் தவறு. அந்த நிறம் ஒன்றே ஒன்றைத்தான் சொல்கிறது: இந்தப் பாக்டீரியா லாக்டோஸை நொதிக்கவைத்து அமிலம் உண்டாக்குகிறது, அமிலத்தில் நியூட்ரல் ரெட் என்ற நிறங்காட்டி சிவக்கிறது. கிளெப்சியெல்லாவும் அதைச் செய்யும். மானிட்டால் சால்ட் அகாரும் இப்படித்தான். 7.5% உப்பைத் தாங்கி, மானிட்டாலை நொதித்து, சுற்றிலும் மஞ்சளாக்குவது ஸ்டெஃபைலோகாக்கஸ் ஆரியஸ் மட்டுமல்ல. ஸ்டெஃபைலோகாக்கஸ் சாப்ரோஃபிட்டிகஸும் பெரும்பாலும் மஞ்சள் காட்டும். பிளாஸ்மாவை உறையவைக்கிறதா என்று பார்க்கும் கோவாகுலேஸ் சோதனை செய்யாமல் பெயர் வைக்கக் கூடாது.

இப்படிப் பெயர் கண்டறியும் சோதனைக்கான காலனியை, சிலவற்றை மட்டும் வளரவிடும் தேர்வு ஊடகத்திலிருந்தே நேராக எடுப்பது இதைவிடப் பெரிய தவறு. மெக்கான்கியில் உள்ள பித்த உப்பும் கிரிஸ்டல் வயலட் சாயமும் பிற பாக்டீரியாக்களை அடக்கிவைக்கின்றன, எல்லாவற்றையும் கொன்றுவிடுவதில்லை. கண்ணுக்குத் தனியாகத் தெரியும் காலனிக்கு அடியில் அவை உயிரோடு ஒளிந்திருக்கும். சர்க்கரைக் குழாயில் போட்டதும் அவையும் பெருகி, எந்த இனத்துக்கும் பொருந்தாத முடிவைத் தரும். காலனியின் நடு உச்சியை மட்டும் லேசாகத் தொட்டு எடுத்து, நியூட்ரியன்ட் அகாரிலோ இரத்த அகாரிலோ கோடிட்டு, தூய வளர்ப்பு கிடைத்த பிறகே உயிர்வேதிச் சோதனைக்குப் போங்கள். சைட்டோக்ரோம் ஆக்சிடேஸ் நொதி இருக்கிறதா என்று பார்க்கும் ஆக்சிடேஸ் சோதனைக்கு இது மிக முக்கியம். விப்ரியோக்களுக்கான தேர்வு ஊடகமான டி.சி.பி.எஸ். அகாரில் சுக்ரோஸை நொதித்து மஞ்சளான விப்ரியோ காலனியில் நேராகச் செய்தால், அமிலத்தால் 'எதிர்மறை' என்று பொய்யான முடிவு வரலாம். உப்பு விரும்பும் விப்ரியோக்களுக்கு மறுவளர்ப்பு அகாரில் 1% சோடியம் குளோரைடு இருக்க வேண்டும்.

நேரமும் ஏமாற்றும். மெக்கான்கியை 35–37 டிகிரி செல்சியஸில் வைத்து 18–24 மணி நேரத்தில் பார்த்துவிடுங்கள். தாமதித்தால், லாக்டோஸை மெதுவாக நொதிக்கும் ஷிகெல்லா சோனியை போன்றவை இளஞ்சிவப்பாகிவிடும். நெருக்கமாக வளர்ந்த இடத்தில் பக்கத்துக் காலனியின் அமிலம் பரவி, நிறமற்றதையும் சிவப்பாகக் காட்டும். தள்ளி நிற்கும் காலனியையே படியுங்கள்.

தயாரிப்பில் ஒரு எச்சரிக்கை: டி.சி.பி.எஸ்., சால்மோனெல்லா, ஷிகெல்லாவுக்கான எக்ஸ்.எல்.டி., எஸ்.எஸ். ஆகிய அகார்களை ஆட்டோகிளேவில் (நீராவி அழுத்தக் கலனில்) வைக்காதீர்கள். கொதிக்கும் வரை கலக்கிச் சூடாக்கி, உடனே இறக்கி, சுமார் 50 டிகிரிக்கு ஆறியதும் ஊற்றினால் போதும். கூடுதல் சூட்டில் எக்ஸ்.எல்.டி. வீழ்படிவாகும்.

ஒவ்வொரு புதிய ஊடகத் தொகுதியையும் தெரிந்த பாக்டீரியா வகைகளால் சோதியுங்கள். மெக்கான்கிக்கு மூன்று வேண்டும்: இளஞ்சிவப்பாக வளர ஈ. கோலை ஏ.டி.சி.சி. (அமெரிக்க வளர்ப்புச் சேமிப்பக எண்) 25922, நிறமின்றி வளர சால்மோனெல்லா டைஃபிமூரியம் 14028, அடங்கிப்போக என்டரோகாக்கஸ் ஃபீக்காலிஸ் 29212. மூன்றாவதைப் பலர் விட்டுவிடுகிறார்கள். ஊடகம் தேர்வு செய்கிறதா என்று காட்டுவது அதுதான்.