இறக்கி ஏற்றிய அம்பாசிடர் எஞ்சின் ஸ்டார்ட் ஆகவில்லையா?

ரீபோர் செய்து (தேய்ந்த சிலிண்டரைக் கடைந்து), புது பிஸ்டனும் ரிங்கும் போட்டு, பேரிங் மாற்றி ஏற்றிய எஞ்சின் முதல் நாளே முரண்டு பிடித்தால், கை தானாகக் கார்புரேட்டரை நோக்கித்தான் போகும். அதைத் தொடாதீர்கள். நாம் கழற்றி மாட்டிய இடங்களை முதலில் சந்தேகிக்க வேண்டும். என்னுடைய 1489 சிசி பெட்ரோல் அம்பாசிடரில் மூன்று நாட்களைத் தின்ற கோளாறு அத்தகைய ஓரிடத்தில்தான் இருந்தது.

பிளக்குகளைக் கழற்றி, காயிலுக்கு (பொறிக்கான உயர் வோல்டேஜைத் தருவது) வரும் சுவிட்ச் ஒயரையும் ஒதுக்கிவிட்டு, ஆயில் பிரஷர் வரும்வரை விட்டுவிட்டுச் செல்ஃப் அடியுங்கள். ஒரு முறைக்குப் பத்து விநாடிக்கு மேல் வேண்டாம். எஞ்சின் சோம்பலாகச் சுற்றினால் எஞ்சினுக்கும் பாடிக்கும் நடுவிலுள்ள எர்த் பட்டையைப் பாருங்கள். எஞ்சினை ஏற்றும் அவசரத்தில் பலரும் மறப்பது அதைத்தான்.

அடுத்தது ஸ்பார்க். ஒதுக்கிய சுவிட்ச் ஒயரைத் திரும்ப மாட்டுங்கள். காயிலிலிருந்து வரும் நடு ஒயரைப் பிளக் துளைகளிலிருந்து விலக்கி, அதன் நுனியை பிளாக்குக்கு அருகில் பிடித்துச் செல்ஃப் அடித்தால் கனத்த நீலப் பொறி தாவ வேண்டும். தாவாவிட்டால், காயிலின் டிஸ்ட்ரிபியூட்டர் (பொறியை முறைப்படி பிளக்குகளுக்குப் பங்கிடுவது) பக்க முனைக்கும் எர்த்துக்கும் இடையில் ஒரு 12 வோல்ட் டெஸ்ட் லேம்பை இணைத்து, சுவிட்சைப் போட்டு, எஞ்சினை ஹேண்டிலால் மெதுவாகச் சுற்றுங்கள். பாயிண்ட் (டிஸ்ட்ரிபியூட்டருக்குள் காயிலின் கரண்டைத் துண்டித்துப் பொறி உண்டாக்கும் சுவிட்ச்) திறக்கும்போது விளக்கு எரிந்து, மூடும்போது அணைய வேண்டும். எரியவே இல்லை, ஆனால் காயிலின் மறுமுனையில் கரண்ட் இருக்கிறது என்றால், பாயிண்டின் திருகில் வரும் சின்னஞ்சிறு ஃபைபர் வாஷர் இடம் மாறி, ஒயர் எர்த்தைத் தொட்டுக்கொண்டிருக்கும். இந்தச் சோதனைக்கு டிஜிட்டல் மீட்டரைவிட இருபது ரூபாய் பல்பே மேல் என்பது என் கருத்து. மீட்டரின் எண்கள் ஓடுவதைக் கண் பிடிப்பதில்லை. பாயிண்ட் இடைவெளியை 15 தவ் (அங்குலத்தில் ஆயிரத்தில் 15 பங்கு) வைத்துக்கொள்ளுங்கள்.

இனி என்னைக் கவிழ்த்த இடம். புல்லியிலுள்ள வெட்டு டைமிங் கவரின் முள்ளுக்கு நேரே வந்ததும், முதல் பிஸ்டன் உச்சியில் இருக்கிறது என்று நம்பி டிஸ்ட்ரிபியூட்டரைப் பொருத்தினேன். பிஸ்டன் உச்சியில் இருந்தது உண்மைதான். ஆனால் நான்கு ஸ்ட்ரோக்கில் பிஸ்டன் இருமுறை உச்சிக்கு வருகிறது. கம்ப்ரஷன் முடிவில் ஒன்று, எக்ஸாஸ்ட் முடிவில் மற்றொன்று. எது எது என்று புல்லி சொல்லாது. நான் வைத்தது இரண்டாவதில். அதனால் இன்லெட் வால்வு திறக்கத் தொடங்கும் வேளையில் பொறி விழுந்து, செல்ஃப் அடிக்கும்போதெல்லாம் கார்புரேட்டர் வழியாக எஞ்சின் தும்மியது. டிஸ்ட்ரிபியூட்டரின் நாக்கு நடுவிலிருந்து சற்று விலகியிருப்பதால் ஒரே விதமாகத்தான் உட்காரும், தவறவே முடியாது என்று எண்ணியிருந்தேன். கீழே கேம் ஷாப்டோடு பல் சேரும் டிரைவ் ஷாப்டையே பாதிச் சுற்று தவறாக இறக்கிவிட்டால் அந்த நாக்கும் சேர்ந்தே ஏமாற்றும்.

சரிபார்க்க ராக்கர் கவரைத் திறந்து, நான்காம் சிலிண்டரின் இரு வால்வுகளையும் கவனித்தபடி ஹேண்டிலைச் சுற்றுங்கள். ஒன்று மூடி முடிக்க மற்றொன்று திறக்கத் தொடங்கும் அந்தக் கணத்தில், ரேடியேட்டர் பக்கமுள்ள முதல் சிலிண்டர் கம்ப்ரஷன் உச்சியில் இருக்கும். அப்போது ரோட்டார் (டிஸ்ட்ரிபியூட்டர் மூடிக்குள் சுழலும் கை) முதல் பிளக் ஒயரின் முனையைப் பார்க்க வேண்டும். எதிர்ப்பக்கம் பார்த்தால் உங்கள் கோளாறும் என்னுடையதுதான். முறையான திருத்தம், டிஸ்ட்ரிபியூட்டரை எடுத்து, டிரைவ் ஷாப்டின் மரையில் 5/16 அங்குல யுஎன்எஃப் போல்ட்டைத் திருகி மேலே இழுத்து, சரியான நிலையில் மீண்டும் இறக்குவது. பற்கள் சாய்வானவை என்பதால் இறங்கும்போதே ஷாப்ட் திரும்பும். முழுதும் உட்கார்ந்தபின், நாக்கு அமரும் அதன் பள்ளம் கடிகாரத்தில் ஒரு மணியைக் காட்டும் சாய்வில் நிற்க வேண்டும். குறுக்கு வழி, டிஸ்ட்ரிபியூட்டர் மூடியில் 1, 4 ஒயர்களையும் 2, 3 ஒயர்களையும் தம்முள் மாற்றிவிடுவது. எஞ்சின் குறையின்றி ஓடும் என்றாலும், அடுத்து அதைத் திறக்கும் மெக்கானிக் உங்களைத் திட்டுவார்.

பெட்ரோலுக்கு அதிகம் சொல்ல வேண்டியதில்லை. பம்பின் கை நெம்பை அடித்துக் கார்புரேட்டரின் கிண்ணத்தை நிரப்புங்கள். பிளக் நனைந்திருந்தால் துடைத்து, சிலிண்டருக்கு ஒரு தேக்கரண்டி எஞ்சின் ஆயில் விடுங்கள். படியாத புது ரிங்குகளுக்கு அந்த ஆயிலே தற்காலிகக் கம்ப்ரஷன்.

பின்சேர்க்கை: ஒயர் மாற்றும் குறுக்கு வழி தன் மாருதி 800இல் பலிக்கவில்லை என்று ஒரு வாசகர் எழுதியிருந்தார். அது மூன்று சிலிண்டர், பொறி விழுவது 1-3-2 வரிசையில். ரோட்டார் பாதிச் சுற்று தவறினால் எந்த முனைக்கும் நேராக நிற்காமல் இரண்டு முனைகளுக்கு நடுவே நிற்கும். அதில் டிஸ்ட்ரிபியூட்டரைக் கழற்றித்தான் ஆக வேண்டும். அம்பாசிடரில் மாற்றியும் ஓடவில்லை என்ற இன்னொருவர், 1-3-4-2 வரிசையைக் கடிகாரச் சுற்றில் மாட்டியிருந்தார். இதன் ரோட்டார் எதிர்ச்சுற்றில் சுழலும்.