மஞ்சள் நெயில் பாலிஷ் திட்டுத்திட்டாக நிற்கிறதா? வீட்டில் செய்யும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

கோடை வந்துவிட்டால் நகங்களுக்கு மஞ்சள் பூசிப் பார்க்கத் தோன்றும். எலுமிச்சைத் துண்டு, டெய்சி பூ, நுனியில் மட்டும் ஒரு மஞ்சள் கோடு என்று டிசைன்களுக்குப் பஞ்சமே இல்லை. ஆனால் வீட்டில் செய்து பார்த்தவர்கள் சொல்லும் குறை பெரும்பாலும் டிசைனைப் பற்றியதாக இருக்காது. பூ அழகாகத்தான் வந்தது, அடியில் பூசிய மஞ்சள்தான் கோடு கோடாகத் தெரிகிறது என்பார்கள். சிவப்பில் இரண்டாவது கோட் (இரண்டாவது பூச்சு) போட்டதுமே மறைந்துவிடும் திட்டுகள் மஞ்சளில் அப்படியே நிற்கும். அதனால் டிசைனுக்கு ஒதுக்கும் நேரத்தில் பாதியையாவது அடியில் வரும் மஞ்சளுக்குக் கொடுக்க வேண்டும் என்பது என் கருத்து.

திட்டு ஏன் வருகிறது? பளிச்சென்ற மஞ்சள் நிறமிகள் பல, வெளிச்சத்தை ஓரளவு ஊடுருவ விடுபவை. ஒரு கோட் பூசினால் நகத்தின் இளஞ்சிவப்பு அடியிலிருந்து தெரியும். வெளிர் மஞ்சளில் சிக்கல் வேறு மாதிரி. அதில் டைட்டானியம் டையாக்சைடு என்ற வெள்ளை நிறமி நிறைய கலந்திருப்பதால் பாலிஷ் கெட்டியாக இருக்கும், பிரஷ் போன தடம் பதிந்துவிடும்.

இதைச் சமாளிக்க எல்லோரும் செய்வது ஒன்றுதான்: ஒரே கோட்டைத் தடிமனாக அப்பிவிடுவது. இதுதான் முதல் தவறு, பெரிய தவறும்கூட. தடிமனான கோட்டில் மேல்புறம் சீக்கிரம் காய்ந்து மூடிக்கொள்ளும், உள்ளே இருக்கும் கரைப்பான் வெளியேற வழி இருக்காது. குமிழிகள் வரும். காய்ந்துவிட்டது என்று நினைத்துப் படுத்தால், காலையில் போர்வையின் தடம் நகத்தில் இருக்கும்.

பளிச் மஞ்சள் என்றால், நகத்தில் முதலில் பூசும் நிறமற்ற பேஸ் கோட்டுக்கு மேல் மெல்லிய வெள்ளை ஒரு கோட், அதற்கு மேல் மஞ்சள் மெல்லியதாக இரண்டு கோட். வெள்ளை ஒரே சீராக இல்லாவிட்டாலும் பரவாயில்லை, நகத்தின் நிறத்தை மறைத்தால் போதும். பிரஷின் ஒரு பக்கத்தைப் பாட்டிலின் கழுத்தில் வழித்துவிட்டு, நடுவில் ஒரு இழுப்பு, இரு ஓரங்களிலும் ஒவ்வொரு இழுப்பு என்று முடித்துவிடுங்கள். இறுகத் தொடங்கிய இடத்தில் மறுபடி பிரஷை வைக்காதீர்கள். திட்டுத் தெரிந்தாலும் விட்டுவிடுங்கள், அடுத்த கோட் மூடிக்கொள்ளும். கோட்டுகளுக்கு நடுவே இரண்டு மூன்று நிமிடமாவது காத்திருக்க வேண்டும். கடுகு மஞ்சளுக்கு இவ்வளவு பாடு இல்லை, அது பொதுவாக நன்றாகவே மூடும்.

நியான் மஞ்சளுக்கு வெள்ளை அடித்தளம் கட்டாயம். அதிலுள்ள ஒளிரும் நிறமி, கண்ணுக்குத் தெரியாத புற ஊதாக் கதிரையும் வாங்கிக்கொண்டு மஞ்சளாகத் திருப்பித் தருகிறது. அடியில் வெள்ளை இருந்தால்தான் அந்தப் பளிச்சு முழுதாக வெளியே வரும். வெயிலில் இந்த நிறமி சீக்கிரம் மங்கும் என்பதையும் மனதில் வையுங்கள். ஒரு வாரப் பயணத்துக்கு நியானை நம்பாதீர்கள்.

பாட்டிலைத் திறப்பதற்கு முன் உள்ளங்கைகளுக்கு நடுவே வைத்து நன்றாக உருட்டுங்கள், அடியில் படிந்த நிறமி கலந்துவிடும். பழைய பாலிஷ் கெட்டியாகிவிட்டால் சிலர் ரிமூவர் ஊற்றுவார்கள். அது பாலிஷின் கலவையையே கெடுத்துவிடும். அதற்கென்று விற்கும் தின்னரில் இரண்டு சொட்டு போதும்.

பேஸ் கோட் இல்லாமல் மஞ்சள் பூசவே கூடாது. நிறம் நகத்தில் ஊறிவிட்டால் ரிமூவரால் போகாது. அப்புறம் எலுமிச்சைச் சாறு, பேக்கிங் சோடா என்று தேய்த்தால் நகம் வறண்டுபோகும், நகத்தை மெருகேற்றும் பஃபரால் தேய்த்தால் மெலிந்துபோகும். கைவிரல் நகம் மாதத்துக்குச் சுமார் 3 மில்லிமீட்டர்தான் வளர்கிறது. முழு நகமும் மாற ஏறக்குறைய ஆறு மாதம் ஆகும். கறை ஆழமாக ஊறியிருந்தால் அது வளர்ந்து வெளியேறும் வரை பொறுத்திருப்பதுதான் வழி. ஒரு கோட் பேஸ் பூசுவது எவ்வளவோ மேல்.

பூசுவதற்கு முன் கையை வெந்நீரில் ஊறவைப்பதையும் விட்டுவிடலாம். நகம் தண்ணீரை உறிஞ்சி விரியும், காய்ந்ததும் சுருங்கும். அந்த அசைவில் பாலிஷின் பிடி தளர்ந்து ஓரங்கள் பெயரும். உலர்ந்த நகத்தை ரிமூவர் தொட்ட பஞ்சால் ஒருமுறை துடைத்துவிட்டால், க்ரீம், எண்ணெய்ப் பசை எல்லாம் போய்விடும். தோல் ஓரத்தில் ஒரு மயிரிழை இடைவெளி விட்டுப் பூசுங்கள். மஞ்சள் தோலில் ஏறினால் தூரத்திலிருந்தே தெரியும்.

இனி டிசைன். மஞ்சள் ஈரமாக இருக்கும்போதே கறுப்பில் கோடு வரைபவர்களுக்கு, கோட்டின் ஓரம் பாசி நிறத்தில் கலங்குவது ஏன் என்று புரியாது. மஞ்சளோடு கறுப்பு கலந்தால் கிடைப்பது பாசிப் பச்சைதான். மஞ்சள் பூசிப் பத்துப் பதினைந்து நிமிடம் கழித்து வரையுங்கள். மெல்லிய கோடுகளுக்கு அக்ரிலிக் பெயின்ட் இன்னும் வசதி. தண்ணீரில் கரைவதால், கோணலாகிவிட்டால் காய்வதற்குள் ஈரப் பஞ்சால் துடைத்துவிடலாம், கீழே இருக்கும் மஞ்சளுக்கு ஒன்றும் ஆகாது. கடைசியாக மேலே பூசும் நிறமற்ற டாப் கோட்டை மட்டும் மறக்கக் கூடாது.

ஸ்பாஞ்சால் ஒரு நிறத்தை இன்னொன்றோடு கலக்கும்போதும் இதே கணக்குத்தான். மஞ்சளும் நீலமும் சேரும் இடம் பச்சையாகும், மஞ்சளும் ஊதாவும் சேர்ந்தால் மண் நிறம். மஞ்சள், ஆரஞ்சு, இளஞ்சிவப்பு என்று வரிசையாகப் போனால் அந்திவானம் போல அழகாகக் கலக்கும். ஸ்பாஞ்சை லேசாக நனைத்துப் பிழிந்துகொண்டால் பாலிஷை உறிஞ்சாது. இழுக்காமல் ஒற்றி எடுங்கள்.

வெளிர் மஞ்சள் மேல் வெள்ளை டெய்சி வரைந்தால் பூ காணாமல் போய்விடும். டெய்சி வேண்டுமென்றால் அடியில் அழுத்தமான மஞ்சள் இருக்கட்டும், பூவின் நடுவில் ஆரஞ்சுப் புள்ளி வையுங்கள். புள்ளி வைக்க டாட்டிங் டூல் தேவையில்லை, ஹேர்பின் நுனி போதும். தட்டில் ஊற்றிய பாலிஷ் சீக்கிரம் நூல் விடும் என்பதால், ஒரு பூ முடிந்ததும் புதுச் சொட்டு எடுத்துக்கொள்ளுங்கள். எலுமிச்சைத் துண்டை முழு வட்டமாகச் சின்ன நகத்தில் வரைவது வீண் வேலை. நகத்தின் ஓரத்திலிருந்து எட்டிப் பார்ப்பது போல அரைவட்டம் வரைந்தால் சுளைகளுக்கு இடம் கிடைக்கும். பத்து நகத்திலும் படம் வேண்டாம். ஒவ்வொரு கையிலும் ஒன்றிரண்டு நகம் போதும், மற்றவை வெறும் மஞ்சளாக இருந்தால்தான் படம் எடுப்பாகத் தெரியும்.

டாப் கோட்டில் பாடுபட்டதெல்லாம் கலங்கிவிடுவதும் உண்டு. படம் காய்ந்த பிறகு, பிரஷில் கொஞ்சம் தாராளமாக எடுத்து, பிரஷ் முடி படத்தைத் தொடாமல் துளியை மட்டும் மேலே நகர்த்திப் பரப்ப வேண்டும். நுனி விளிம்பிலும் ஒருமுறை தடவுங்கள். சீக்கிரம் காயட்டும் என்று ஹேர் டிரையரின் சூடான காற்றைக் காட்டினால் குமிழிதான் வரும்.

லேம்ப்பின் ஒளியில் இறுகும் ஜெல் பாலிஷை வீட்டில் போடுபவர்களிடம் ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். மஞ்சள், வெள்ளை போன்ற அடர்ந்த நிறமிகள் லேம்ப்பின் ஒளியைத் தடுப்பதால், தடிமனாகப் பூசினால் மேல்புறம் மட்டும் இறுகும், அடிப்பகுதி இறுகாமலேயே இருக்கும். இறுகாத ஜெல் தோலில் பட்டுக்கொண்டே இருந்தால் அதிலுள்ள மெத்தாக்ரிலேட்டு என்ற வகை ரசாயனங்களுக்கு ஒவ்வாமை உண்டாகலாம். வந்துவிட்டால் வாழ்நாள் முழுக்க இருக்கும், அதே வகை ரசாயனம் உள்ள பல் சிகிச்சைப் பொருட்களும் ஒத்துக்கொள்ளாமல் போகலாம். மெத்தாக்ரிலேட்டுகளில் முக்கியமான ஹெமா (HEMA) என்பதை நகப் பூச்சுகளில் தொழில்முறை வல்லுநர்கள் மட்டுமே கையாள வேண்டும் என்று ஐரோப்பிய ஒன்றியம் விதி வைத்திருக்கிறது. ஜெல்தான் வேண்டும் என்றால் அந்த பிராண்ட் பரிந்துரைக்கும் லேம்ப்பையே பயன்படுத்துங்கள், தோலில் பட்டதை லேம்ப்பில் வைப்பதற்கு முன்பே துடையுங்கள். கோடைக்கு ஒரு வாரம் மஞ்சள் போட்டுப் பார்க்க சாதாரண பாலிஷே தாராளம்.

நீக்கும்போது தேய்க்காதீர்கள். தேய்த்தால் கரைந்த மஞ்சள் சுற்றியுள்ள தோலில் ஏறும். ரிமூவரில் நனைத்த பஞ்சை நகத்தின் மேல் பத்து நொடி அழுத்திப் பிடித்து, நுனியை நோக்கி ஒரே இழுப்பாக எடுங்கள். ஜெல்லைப் பிய்த்து எடுத்தால் நகத்தின் மேலடுக்கும் சேர்ந்தே வரும். பாலிஷை எடுத்த பிறகும் நகம் மஞ்சளாக, தடித்து, பொடிப்பொடியாக உதிர்ந்தால் அது பாலிஷ் கறையாக இருக்க வாய்ப்பு குறைவு, பூஞ்சைத் தொற்றாக இருக்கலாம். மேலே இன்னொரு கோட் பூசி மறைக்காமல் தோல் மருத்துவரிடம் காட்டுங்கள்.