போனில் திறக்கிறதா உங்கள் கடை?

மருதமுனையில் கைத்தறிச் சாரி விற்கும் தெரிந்த ராத்தா ஒருவரின் இணையதளத்தைப் போன கிழமை மட்டக்களப்பு பஸ்ஸில் இருந்தபடி போனில் திறந்தேன். பெரியகல்லாற்றில் திறந்தது, களுவாஞ்சிகுடி வந்த பிறகும் முதல் சாரி பாதிதான் தெரிந்தது. அவ்வளவு அழகான கரை, பார்க்கக் கிடைக்கவில்லையே என்று மனசு கேட்கவில்லை.

காரணம் சின்னதுதான். கமராவில் எடுத்த படங்களை அப்படியே ஏற்றியிருக்கிறார், ஒவ்வொன்றும் 5 எம்பி. போன் திரைக்கு 1000 பிக்சல் அகலம் தாராளம்; அந்த அளவுக்குச் சுருக்கி வெப்பி (WebP) என்ற படக்கோப்பு வடிவில் சேமித்தால் பெரும்பாலும் 200 கேபிக்குள் அடங்கிவிடும், இழைகூடத் தெளிவாகவே இருக்கும். முதலில் இதைச் செய்யுங்கள், மற்றதெல்லாம் பிறகு.

அப்புறம் தொலைபேசி எண். அதைப் படமாகப் போடாமல், தொட்டதும் அழைப்புப் போகிற இணைப்பாகப் போடுங்கள். வாட்ஸ்அப் இணைப்பு என்றால் முன்னாலுள்ள 0 ஐ எடுத்துவிட்டு இலங்கையின் நாட்டுக் குறியீடான 94 சேர்த்து எழுத வேண்டும், கூட்டல் அடையாளமும் வேண்டாம். இதில் பிழை விட்டால் வாங்க வந்தவர் அப்படியே திரும்பிப் போய்விடுவார்.

எழுத்து 16 பிக்சலுக்குக் குறையக் கூடாது. வெளிர் சாம்பல் நிறத்தைத் தயவுசெய்து விட்டுவிடுங்கள், கல்லடிக் கடற்கரையில் மத்தியான வெயிலில் நின்று விலையை வாசித்துப் பார்த்தால் ஏன் என்று விளங்கும். கூகுளும் இப்போது போனில் தெரிகிற பக்கத்தை வைத்துத்தான் தளத்தைத் தேடலில் சேர்க்கிறது.

எல்லாம் சரி என்று தோன்றியதும் வைஃபையை அணைத்துவிட்டு, வீட்டில் கிடக்கும் பழைய போனில் டேட்டாவில் ஒருமுறை திறந்து பாருங்கள்.