80-ஐத் தாண்டினால் நடுங்கிய ஸ்டீயரிங்

பெங்களூர் ஓசூர் ரோட்டில் வேகம் 80 கி.மீ.-ஐத் தாண்டினால் எங்கள் பழைய காரின் ஸ்டீயரிங் நடுங்கும். பிரேக் பிடிக்கும்போது மட்டும் நடுங்கினால் பிரேக் டிஸ்க்கைச் சந்தேகிக்கலாம், இது அப்படியில்லை. வீல் பேலன்சிங் (சக்கரத்தின் எடையைச் சுற்றிலும் சமன் செய்வது) செய்தும் போகவில்லை. அலைன்மென்ட் (சக்கரங்களின் கோணம்) பார்க்கச் சொன்னார்கள். வண்டி ஒரு பக்கம் இழுத்தால்தானே அது?

அதை விட்டுவிட்டு, நானே முன் சக்கரங்களைப் பின்னால் மாற்றிப் போட்டேன். நடுக்கம் ஸ்டீயரிங்கை விட்டு சீட்டுக்கு வந்துவிட்டது! கோளாறு சக்கரத்தில்தான். ஜாக்கியும் ஸ்பேனரும் இருந்தால் போதும், செலவே இல்லாத சோதனை; முதலில் இதைச் செய்யுங்கள்.

அப்புறம் ஜே.சி. ரோடு பக்கம் ஒரு டயர் கடை அண்ணன், சக்கரத்தை மெஷினில் சுழலவிட்டு ரிம் (டயர் உட்காரும் உலோக வளையம்) ஓரமாக ஸ்க்ரூடிரைவரை அசையாமல் பிடித்தார். ஒரே இடத்தில் மட்டும் உரசியது. ரிம் வளைந்திருக்கிறது, பெங்களூர்ப் பள்ளங்களின் வேலை. புது ஸ்டீல் ரிம் போட்டு மறுபடி பேலன்ஸ் செய்ததும் நடுக்கம் நின்றது.