காரையில் ஒரு மறைப்புக் கூடாரம்

நிலவியல் துறை மாணவிகள் குழுவின் பொறுப்பை நான் ஏற்றபோது, மாதம் ஒரு சிறப்புரை நடந்துகொண்டிருந்தது. பூமிக்கு உட்கரு உண்டு என்று 1936-இல் சொன்ன டென்மார்க் பெண் அறிவியலாளர் இங்கெ லேமன் பற்றிக்கூடப் பேசினோம்; கைதட்டினோம், கலைந்தோம். களப்பயணம் என்றதும் பாதிப் பேருக்குக் காய்ச்சல் வந்துவிடும்.

காய்ச்சலின் காரணம் காரை என்ற ஊரில்தான் பிடிபட்டது. பெரம்பலூர் மாவட்டத்தின் அந்தக் களிமண் பள்ளங்களில் டைனோசர்கள் வாழ்ந்த கிரெட்டேசியக் காலத்துப் பெலெம்னைட் (கணவாய் போன்ற கடலுயிரி) புதைபடிவங்கள் காலடியிலேயே கிடக்கும். ஒதுங்கத்தான் ஒரு புதர் கிடையாது. நண்பகலில் முதலாண்டு மாணவி ஒருத்தி மயங்கி விழுந்தாள். அவளுடைய தண்ணீர்ப் புட்டியின் மூடி காலையிலிருந்து திறக்கப்படவே இல்லை. யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை, எனக்கும் கேட்கத் தோன்றவில்லை. நானும் அப்படித்தானே மூன்று ஆண்டுகள் ஓட்டியிருந்தேன்!

அடுத்த மாதச் சிறப்புரையை ரத்து செய்து, அந்தப் பணத்தில் உடைமாற்றும் சிறு கூடாரமும் ஒரு மண்வெட்டியும் வாங்கினோம். இரண்டு மணி நேரத்துக்கு ஒரு நிறுத்தம் என்று பயணத் திட்டத்திலேயே எழுதிக் கொடுத்தோம். “பாறை பார்க்கப் போகிறோமா, சுற்றுலாவா?” என்றார் எங்களை அழைத்துச் செல்லும் பேராசிரியர் ஐயா.

அந்த முறை யாருக்கும் காய்ச்சல் வரவில்லை. கூடாரத்தை முதலில் பயன்படுத்தியவர் ஐயாதான்.